தண்டுவடம் காயமுற்றோரும் நம் குடும்பங்களும்

(நியூ செர்சியில் நடைபெற்ற பெற்றோர் – இளையோர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



உரையைத் தொடங்குமுன் ஒரு கேள்வி. இம்மண்டபத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் அமர்ந்திருக்கிறோம். இவர்களுள் சக்கர நாற்காலியில் வந்தவர் எத்தனை பேர்? காலையில் வாயிலருகே நின்று வரவேற்றவன் என்ற முறையில் விடையை நானே சொல்லிவிடுகிறேன். ஒருவரும் இல்லை. நம் சமூகத்தில் அத்தகையோர் இல்லை என்பது இதன் பொருளன்று. எடிசனிலும் பிரீமாண்டிலும் சுகர்லாண்டிலும் நம்மவர் வீடுகளில் அவர்கள் இருக்கிறார்கள். விருந்தினர் வரும்போது கதவு சாத்தப்படும் அறைகளில் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் என் தம்பி.

2009ஆம் ஆண்டு தெக்சாசு மாநிலத்தின் நெடுஞ்சாலை ஒன்றில் நேர்ந்த ஊர்தி விபத்தில் அவனுடைய கழுத்தெலும்பு முறிந்தது. அப்போது அவனுக்கு அகவை 24. அவனுடைய கதையை இரக்கம் தேடி நான் இங்குச் சொல்ல வரவில்லை. நாங்கள் செய்த பிழைகளை நீங்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பதற்காகவே, அவனுடைய ஒப்புதலோடு சொல்கிறேன்.

முதலில் உடலைப் பற்றிச் சில அடிப்படைச் செய்திகள். மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம் முள்ளந்தண்டின் உள்ளே ஓடி, இடுப்புப் பகுதியின் தொடக்கத்தில் முடிகிறது. இது எந்த மட்டத்தில் காயப்படுகிறதோ, அந்த மட்டத்திற்குக் கீழே அசைவும் உணர்வும் குன்றும். கழுத்தில் காயப்பட்டால் கைகளும் கால்களும் பாதிப்புறும். மார்புப் பகுதியில் காயப்பட்டால் கைகள் தப்பும், கால்கள் செயலிழக்கும். கழுத்தின் மேற்பகுதியில் காயப்பட்டால் மூச்சுக்கே கருவி தேவைப்படலாம். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 18,000 பேர் புதிதாகத் தண்டுவடக் காயம் அடைகின்றனர். முதற்காரணம் ஊர்தி விபத்து, அடுத்த காரணம் கீழே விழுதல். முதியோரிடையே விழுதலே முதலிடம் பெறுகிறது. ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும் நம் அம்மா அப்பாக்கள் ஈரமான குளியலறையிலும் தரைவிரிப்புப் போட்ட மாடிப்படியிலும் விழுகிறார்கள் என்பதை இங்கே நினைவிற் கொள்க.

அப்படி ஒருவர் விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? நான்கு பேர் ஓடிச்சென்று கைத்தாங்கலாகத் தூக்கி நாற்காலியில் அமர்த்தித் தண்ணீர் கொடுக்கிறோம். அன்பினால் செய்யும் இச்செயல் முறிந்த எலும்பை நகர்த்தித் தண்டுவடத்தை மேலும் சிதைத்துவிடக்கூடும். கழுத்திலோ முதுகிலோ வலி, கைகால்களில் மரப்பு, அசைக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அவரை அசைக்காதீர்கள். தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 911 எண்ணை அழையுங்கள்.

விபத்தின்றியும் நரம்புகள் கெடுவதுண்டு. மரக்கறி உணவையே உண்ணும் நம் குடும்பங்களில் பி12 உயிர்ச்சத்துக் குறைவு மிகுதி. சர்க்கரை நோய்க்குப் பல்லாண்டுகள் மெட்ஃபார்மின் மருந்து உட்கொள்வோருக்கும் இக்குறைவு வரலாம். இது முற்றினால் தண்டுவடத்தையே தாக்கும். பாதங்களில் மரப்பு, இருட்டில் நடக்கையில் தள்ளாட்டம் ஆகியவை இதன் அறிகுறிகள். ஓர் எளிய குருதிச் சோதனையில் இதனைக் கண்டறியலாம், உரிய காலத்தில் குணப்படுத்தலாம். நாள் முழுதும் கணினிமுன் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். முதுகுவலியோடு இருக்கை படும் இடத்தில் உணர்வு மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமற் போனாலோ, அடுத்த வாரச் சந்திப்புக்குக் காத்திராதீர்கள். அன்றே அவசர மருத்துவப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கு ஒவ்வொரு மணி நேரமும் பொருளுடையது.

இனி என் உரையின் மையப் பொருளுக்கு வருகிறேன்.

தண்டுவடக் காயமுற்றவரைக் கொல்வது எது? பெரும்பாலும் நடக்க முடியாமை அன்று. படுக்கைப்புண், சிறுநீர்த்தொற்று, நுரையீரல் தொற்று ஆகியவையே அவரைக் கொல்கின்றன. முதல் உலகப்போர்க் காலத்தில் இத்தகைய காயமுற்ற வீரர்களுள் மிகப் பெரும்பாலோர் இவற்றாலேயே மாண்டனர். செருமனியிலிருந்து தப்பி வந்த யூத மருத்துவர் லூட்விக் குட்மன் 1944இல் இங்கிலாந்தின் சுடோக் மாண்டவில் மருத்துவமனையில் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார். நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் செய்தார். சிறுநீர்ப்பையைத் தூய்மையாகப் பேணச் செய்தார். அவர்களுக்கு வேலையும் விளையாட்டும் கொடுத்தார். சாவர் என்று கைவிடப்பட்டோர் வாழ்ந்தனர். அங்கே 1948இல் சக்கர நாற்காலியில் அமர்ந்தவர்களுக்காக நடத்திய வில்வித்தைப் போட்டியே பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது. குட்மனின் வெற்றி எந்தப் புதிய மருந்தாலும் கிட்டியதன்று. நாள்தோறும் தவறாது செய்யும் எளிய பராமரிப்பால் கிட்டியது.

இதற்கு மறுபுறச் சான்று நம் மாநிலத்திலேயே உண்டு. சூப்பர்மேன் திரைப்படங்களின் நாயகர் கிறித்தோபர் ரீவ் 1995ஆம் ஆண்டு மே மாதம் குதிரையிலிருந்து விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டார். இங்கே வெசுட் ஆரஞ்சு நகரிலுள்ள கெசுலர் மறுவாழ்வு நிலையத்தில் பயிற்சி பெற்றார். அது 1948இல் மருத்துவர் என்றி கெசுலர் நிறுவிய நிலையம். ரீவிடம் செல்வம் இருந்தது, புகழ் இருந்தது, தேர்ந்த செவிலியர் இருந்தனர். எனினும் 2004ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், தம் 52ஆம் அகவையில் மறைந்தார். அப்போது அவர் தொற்றுக்கண்ட படுக்கைப்புண்ணுக்கு மருத்துவம் பெற்றுவந்தார். அவருக்கே அப்படியென்றால், நம் வீட்டில் எவ்வளவு விழிப்பு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

என் தம்பிக்கும் அதுவே நேர்ந்தது. ஆனால் உயிர் தப்பினான். அவனுக்குக் காயம் கழுத்தின் ஆறாம் முள்ளெலும்பு மட்டத்தில். விரல்கள் மடங்கா. ஆனால் மணிக்கட்டை உயர்த்த முடியும். மறுவாழ்வு நிலையத்தில் தொழில்வழிச் சிகிச்சையாளர் அவனது உள்ளங்கையில் ஒரு பட்டையைக் கட்டி, அதில் கரண்டியைச் செருகி, தானே உண்ணப் பழக்கினார். ஊரிலிருந்து வந்திருந்த எங்கள் அம்மா அருகில் நின்றார். தயிர்ச்சோறு பாதி மார்பில் சிந்தியது. அம்மா அழுதுகொண்டே கரண்டியைப் பறித்து ஊட்டத் தொடங்கினார். அந்தப் பெண்மணி அம்மாவை மெல்ல அறைக்கு வெளியே அழைத்துச் சென்றார். "பெற்ற தாயை ஊட்ட விடாதவள், என்ன கல்நெஞ்சம்" என்று நாங்கள் அனைவரும் கொதித்தோம்.

வீட்டுக்கு வந்தபின் எங்கள் விருப்பம்போல் நடந்தோம். அம்மா ஊட்டினார், நான் குளிப்பாட்டினேன், அவனுக்குரிய முடிவுகளை எல்லாம் நாங்களே எடுத்தோம். சக்கர நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடற்பளுவை இடம்மாற்ற வேண்டும் என்று அவனுக்குக் கற்பித்திருந்தார்கள். "அவனைத் தொந்தரவு செய்யவேண்டா, அசதியாக இருக்கிறான்" என்று நாங்களே தடுத்தோம். ஒரு விழா நாளில், பார்க்க நன்றாயிருக்கும் என்று அவனைச் சிறப்பு மெத்தையில்லாத சாதாரண நாற்காலியில் நெடுநேரம் அமர்த்தினோம். அன்று மாலை இடுப்பெலும்பின் மேல் ஒரு சிவந்த தடம் தெரிந்தது. உணர்வில்லாத இடம் ஆதலால் அவனுக்கு வலிக்கவில்லை. நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தத் தடம் எலும்புவரை ஆழ்ந்த புண்ணாயிற்று. அறுவை மருத்துவமும் நான்கு மாதக் குப்புறப்படுக்கையும் அதன் விலை. அப்படிப் படுத்திருந்த நாள்களுள் ஒன்றில் அவன் என்னிடம் சொன்னான்: "அண்ணா, என்னைப் பார்த்துக்கொள்ள உங்களுக்கு அன்பு இல்லாமல் இல்லை. என்னை நானே பார்த்துக்கொள்ள நீங்கள் விடவில்லை."

அன்று தொடங்கி நாங்கள் மாறினோம். இன்று அவன் படுக்கும்முன் நீண்ட பிடியுள்ள கண்ணாடியால் தன் தோலைத் தானே பார்க்கிறான். கைகளால் இயக்கும் ஊர்தியை ஓட்டி வேலைக்குச் செல்கிறான். கரண்டிப் பட்டையும் அவனிடமே இருக்கிறது. இன்றும் சிந்துகிறது. அதனால் யாருக்கும் தீங்கில்லை.

ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டிய இன்னும் மூன்று செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, சிறுநீர்ப்பை. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தூய்மையான மெல்லிய குழாயால் சிறுநீரை வெளியேற்றும் முறையை 1972இல் மிச்சிகனைச் சேர்ந்த மருத்துவர் சாக் இலாப்பிடெசு அறிமுகப்படுத்தினார். எண்ணற்றோரின் சிறுநீரகங்களைக் காத்த முறை இது. கை இயங்குவோர் இதைத் தாமே செய்யலாம். இதைச் சொல்ல வெட்கப்படுவது நம் பழக்கம். அவ்வெட்கம் சிறுநீரகத்தை அழிக்கும்.

இரண்டாவது, திடீர்க் குருதியழுத்த ஏற்றம். மார்பின் ஆறாம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றோருக்கு, நிரம்பிய சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், இறுகிய ஆடை போன்ற சிறு காரணங்களாலும் குருதியழுத்தம் கடுமையாக ஏறும். கொடிய தலைவலி, முகம் சிவத்தல், காயத்துக்கு மேற்பகுதியில் வியர்வை ஆகியவை அடையாளங்கள். உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், ஆடையைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாயைச் சரிபாருங்கள். தணியாவிடில் 911. இவர்களுடைய இயல்பான குருதியழுத்தமே தாழ்வாக இருப்பதால், பிறருக்கு இயல்பான அளவும் இவர்களுக்கு ஏற்றமாக இருக்கலாம். அவசரப் பிரிவில் எல்லோரும் இதை அறிந்திருப்பார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். இதனை விளக்கும் ஒரு சிறு அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

மூன்றாவது, உள்ளம். உறக்கமின்மை, பேச்சின்மை, "நான் உங்களுக்குப் பாரம்" என்னும் சொல் ஆகியவற்றை விதியென்று கடந்துவிடாதீர்கள். மனச்சோர்வு குணப்படுத்தக்கூடிய நோய். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் 988 என்னும் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். திருமணம், இல்லறம், மக்கட்பேறு ஆகியவை முடிந்துபோனவை என்று குடும்பத்தார் தாமாகவே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். தண்டுவடக் காயமுற்ற பெண்கள் கருவுற்றுப் பிள்ளை பெறுகிறார்கள், ஆண்கள் மருத்துவ உதவியோடு தந்தையர் ஆகிறார்கள். இதனை மருத்துவரிடம் தனியே பேச அவர்களுக்கு இடம் கொடுங்கள்.

மருத்துவமனையைத் தேர்வதிலும் விழிப்பு வேண்டும். அறுவை மருத்துவம் முடிந்ததும் காப்பீட்டு நிறுவனம் சொல்லும் ஏதோவொரு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குச் செல்ல உடனே இசையாதீர்கள். தண்டுவடத்திற்கென்றே தேர்ச்சி பெற்ற மறுவாழ்வு நிலையத்தைக் கேளுங்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. நியூ செர்சியில் கெசுலர், ஊசுடனில் 1959இல் மருத்துவர் வில்லியம் சுபென்சர் தொடங்கிய டிர் மறுவாழ்வு மருத்துவமனை, சான் ஓசேயில் கவுண்டி நடத்தும் சாந்தா கிளாரா வேலி மருத்துவ நடுவம் ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. ரீவ் பெயரால் அமைந்த அறக்கட்டளை, புதிதாகக் காயமுற்றோர் குடும்பங்களுக்கு வழிகாட்டி நூலும் அறிவுரையும் இலவசமாக வழங்கிவருகிறது.

இளையோர்களே, உங்களுக்கு ஒரு செய்தி. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது என்று மருத்துவமனைகளில் உங்களை மொழிபெயர்க்க அழைக்கிறார்கள். பதினான்கு அகவைப் பேரன் எதிரே நிற்க, எந்தப் பாட்டி தன் சிறுநீர்ச் சிக்கலைச் சொல்வார்? 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமும், 2010ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557ஆம் பிரிவும் நடுவண் அரசின் நிதி பெறும் மருத்துவமனைகளைக் கட்டுப்படுத்துகின்றன. தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றிக் கேட்டுப் பெறுங்கள். தொலைபேசி வழியாகவேனும் அவர் கிடைப்பார். அதைக் கேட்பதே உங்கள் கடமை.

பெற்றோர்களே, பணத்தைப் பற்றியும் ஒரு சொல். மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் பெயரிலேயே சேமிப்பைப் போடுவது நம் இயல்பு. வறியோருக்கான துணை வருமான உதவியைப் பெற ஒருவரிடம் 2,000 டாலருக்கு மேல் சொத்து இருத்தலாகாது என்பது விதி. அன்போடு போட்ட பணமே உதவியைத் தடுத்துவிடும். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஏபிள் கணக்கு இதற்கு ஒரு தீர்வு. 26 அகவைக்கு முன் ஊனமுற்றோர்க்கே உரியதாயிருந்த இக்கணக்கு, 2026 சனவரி முதல் 46 அகவைக்கு முன் ஊனமுற்றோர்க்கும் விரிக்கப்பட்டுள்ளது. கலிபோர்னியாவில் வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தின் கீழ்க் குடும்பத்தாருக்கே ஊதியம் வழங்கப்படுகிறது. நியூ செர்சியிலும் மெடிக்கெய்டு பெறுவோர் உறவினரைப் பணியமர்த்தும் திட்டம் உண்டு. தெக்சாசு மெடிக்கெய்டை விரிவுபடுத்தாத மாநிலம் ஆதலால் அங்கு வாழ்வோர் முன்னதாகவே திட்டமிட வேண்டும். குடிவரவு நிலையைப் பொறுத்து இவை மாறுபடும். எனவே தகுந்த வழக்கறிஞரைக் கலந்து செய்க.

இந்நாட்டில் இவ்வுரிமைகள் தாமாக வந்தவை அல்ல. 1953இல், 14 அகவையில், இளம்பிள்ளைவாதத்தால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் எட் இராபர்ட்சு. உடற்பயிற்சியும் ஊர்தி ஓட்டும் பாடமும் முடிக்கவில்லை என்று சான் பிரான்சிசுகோவுக்கு அருகிலிருந்த அவரது உயர்நிலைப்பள்ளி சான்றிதழ் தர மறுத்தது. அவருடைய தாய் சோனா மகனைப் பின்னறையில் மறைக்கவில்லை. பள்ளிக் குழுவோடு போராடிச் சான்றிதழைப் பெற்றுத் தந்தார். வேலைக்கு ஏற்றவர் அல்லர் என்று மாநில மறுவாழ்வுத் துறை அவருக்கு உதவி மறுத்தது. 1962இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1972இல் அங்கே தோன்றிய தற்சார்பு வாழ்வு நடுவத்தை வளர்த்தெடுத்தார். 1975இல் அதே மறுவாழ்வுத் துறைக்கு இயக்குநராக அமர்த்தப்பட்டார். 1977 ஏப்ரலில் நூற்றுக்கும் மேற்பட்ட மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிசுகோவில் நடுவண் அரசின் கட்டடத்துள் மூன்று வாரங்களுக்கு மேல் அமர்ந்து போராடி, 504ஆம் பிரிவின் விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். அப்போராட்டத்தின் தொடர்ச்சியே 1990ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் பள்ளியில் உள்ள சாய்தளம் அவர்கள் பெற்றுத் தந்தது.

நம் மண்ணிலும் இத்தகைய முன்னோடிகள் உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீசு 1954இல் ஊர்தி விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவரது உழைப்பின் கனி. பொறியியல் மாணவராயிருந்த எசு. இராமகிருட்டிணன் 1975இல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981இல் தம் ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தம்மைப் பேணிய மருத்துவர் அமர்சித் சிங் சகலின் பெயரையே அதற்கு இட்டார். 2020இல் பத்மசிறீ விருது அவரைத் தேடி வந்தது. ஈழத்தில், போரில் தண்டுவடம் காயமுற்ற நம் உறவுகளுக்காக மாங்குளத்தில் உயிரிழை என்னும் அமைப்பு இயங்குகிறது. அதனை நடத்துவோரும் அதே காயமுற்றோரே. அங்கே ஒரு நல்ல மெத்தையும் தூய குழாய்களும் உயிரைக் காக்கும் பொருள்கள் என்பதை இனி நீங்கள் அறிவீர்கள்.

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள். இத்தகையவர் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றிரவு அவரிடம் சென்று, "எதனை நீயே செய்ய விரும்புகிறாய்?" என்று கேளுங்கள். அவர் உங்கள் நண்பர் வீட்டில் இருந்தால், அடுத்த முறை அவரைப் பெயர் சொல்லி அழையுங்கள். நம் சங்கம் அடுத்த மண்டபத்தைப் பதிவு செய்யுமுன், சாய்தளமும் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் உள்ளனவா என்று பார்க்கட்டும். இம்மேடைக்கு ஏற நான்கு படிகள் உள்ளன. ஆகவேதான் இவ்வுரையை ஆற்ற வேண்டிய என் தம்பிக்கு மாற்றாக நான் ஏறி நிற்கிறேன். அடுத்த ஆண்டு அவனே பேசட்டும்.